தங்கைக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது?

அந்தக் காலத்தில் தூர தேசத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு ஊர்ச் செய்தி சொல்லி அனுப்ப ஆள் தேட வேண்டும். இப்போது அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. போனை எடுத்து விரலால் தொட்டால் கனடாவில் மணி அடிக்கிறது. முகம் பார்த்துப் பேசலாம், பேரப் பிள்ளைகளின் பல் விழுந்த இடத்தைக்கூடப் பார்க்கலாம். ஆனால் பேசி முடித்து போனை வைத்த பிறகு கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "எல்லாரும் சௌக்கியமா?" "சௌக்கியம்தான்." "சாப்டாச்சா?" "ஆச்சு. அங்கே குளிரா?" "குளிர்தான்." இப்படியே அரை மணி நேரம் போயிருக்கும். ஒரு செய்தியும் போய்ச் சேர்ந்திருக்காது. நம்மில் பல வீடுகளில் இதுதானே நடக்கிறது?

என் தங்கை 2005-ல் கல்யாணமாகி டொராண்டோவுக்குப் போனாள். எங்கள் பிறந்த வீடு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சின்ன கிராமம். நான் வாழ்க்கைப்பட்டது மன்னார்குடியில். அப்பா அம்மாவும் தம்பி குடும்பமும் கிராமத்தில். ஆகவே அங்கே நடப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சின்னவளுக்குச் சொல்கிற உத்தியோகம், யாரும் நியமிக்காமலே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. இருபது வருஷ சர்வீஸ்!

முதல் சில வருடங்கள் கடிதம்தான். நீல நிற ஏரோகிராமில் மடிப்பு ஓரம்வரை நுணுக்கி எழுதுவேன். போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும். அவளோ அங்கே கடையில் டெலிபோன் கார்டு வாங்கி, நம்பர் சுரண்டி, எங்கள் எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிடுவாள். எங்களைக் கூப்பிட்டுவர ஆள் ஓடுவதற்குள் காசு பாதி தீர்ந்துவிடும். அதனால் போனில் சௌக்கியம் கேட்பதோடு சரி. விஷயமெல்லாம் கடிதத்தில்தான். இப்போது கடிதம் போய்விட்டது; ஆனால் போனில் அந்த சௌக்கியம் கேட்கிற பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் வேறு இருக்கிறது. காலையில் ரோஜாப்பூ, மாலையில் சாமி படம். நடுவில் யாராவது "பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன்" என்று போட்டால், அது இருபது ரோஜாப்பூவுக்கு அடியில் போய்விடுகிறது.

நாங்கள் இதற்கு ஒரு வழி செய்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறரை மணி எங்கள் நேரம். குளிர்காலத்தில் அவளுக்கு அப்போது காலை எட்டு. மார்ச் மாதம் அவர்கள் கடிகாரத்தை நகர்த்திய பிறகு ஒன்பது. நான் வாரம் முழுவதும் கேட்டதை, பார்த்ததை ஒரு பழைய டயரியில் ஒரு வரி, இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்வேன். அதைப் பார்த்துத்தான் பேசுவேன். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "அம்மா நியூஸ் வாசிக்கப் போறாங்க" என்பார்கள். சிரிக்கட்டும்.

என்ன எழுதுவேன் என்கிறீர்களா? பெரிய சமாசாரம் எதுவும் இல்லை. பசு கன்று போட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். அவளோடு படித்தவள் மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்தது. "கன்று போட்டது" என்று மட்டும் சொன்னால் போதாது. "காளையா கிடாரியா? நெத்தியில சுட்டி இருக்கா? மாடு நஞ்சுக்கொடி சரியாப் போட்டுதா?" என்று கேட்பாள். அங்கே பெரிய அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள்தான்!

2020-ல் எட்டு வருடம் கழித்து மேட்டூர் அணை சரியாக ஜூன் 12-ஆம் தேதி திறந்தார்கள். எங்களுடையது கடைமடை. அணை திறந்து பல நாள் கழித்துத்தான் தண்ணீர் எட்டிப் பார்க்கும். வாய்க்காலில் காய்ந்த சருகைத் தள்ளிக்கொண்டு, நுரையோடு, ஒரு கயிறு போல முதல் தண்ணீர் வந்ததைத் தம்பி போனில் படம் பிடித்து அனுப்பினான். ஒரு நிமிஷப் படம். அதை அவள் எத்தனை தடவை பார்த்தாளோ! ஊரடங்கு சமயம்; விமானம் இல்லை, வர முடியாது. "அக்கா, அந்தத் தண்ணி சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கினேன்" என்றாள். இதெல்லாம் அல்பச் செய்தி என்று நாம் நினைக்கிறோம். ஊரைவிட்டுப் போனவர்களுக்கு ஊர் நின்றுபோய்விடுகிறது, அவர்கள் போன வருஷத்திலேயே. நாம் சின்னச் சின்னதாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் அது நகரும். இல்லாவிட்டால் பதினைந்து வருஷம் கழித்து வந்து, "எல்லாம் மாறிப்போச்சே" என்று வாசலில் நின்று அழுவார்கள்.

சொல்லக் கூடாதது என்று ஒன்றை நான் வைத்திருக்கிறேன். புகார். தம்பி மனைவி என்ன சொன்னாள், அதற்கு அம்மா முகத்தை எப்படி வைத்துக்கொண்டாள் என்பதையெல்லாம் சின்னவளிடம் கொண்டுபோவதில்லை. இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியாத தூரத்தில் இருப்பவளை நீதிபதி ஆக்குவது நியாயமா? நாம் இங்கே அன்றைக்கே சமாதானமாகி ஒரே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்போம். அவள் அங்கே ஒரு வாரம் தூக்கம் கெட்டுக் கிடப்பாள். அதேபோல, கெட்ட செய்தியின் வாலில் பணத்தைக் கட்டி அனுப்புவதும் எனக்குப் பிடிக்காது. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்பது ஒரு நாள் பேச்சு. "கொஞ்சம் பணம் அனுப்பினால் நல்லது" என்பது வேறு நாள் பேச்சு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால், அப்புறம் நம் நம்பரைப் பார்த்தாலே அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

நல்லதைச் சொல்வது சுலபம். கெட்டதைச் சொல்வதில்தான் இருக்கிறது சமர்த்து.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பகுதியில் கம்பம், கோபுரம் எல்லாம் சாய்ந்து போன் செத்துவிட்டது. டி.வி.யில் பார்த்துவிட்டுச் சின்னவள் அங்கே பித்துப் பிடித்தவள்போல் நம்பர் நம்பராக அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். மரம் அறுத்து வழி விட்ட இரண்டாம் நாள் நானும் என் கணவரும் ஸ்கூட்டரில் கிராமத்துக்குப் போய்ப் பார்த்தோம். பிறகு அவர் மருந்தும் மெழுகுவர்த்தியும் வாங்கத் தஞ்சாவூர் போனார். அங்கே சிக்னல் கிடைத்ததும் அனுப்பச் சொல்லி, சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "எல்லாரும் உயிரோடு, காயமில்லாமல் இருக்கிறோம். சமையல்கட்டு ஓடு பறந்துவிட்டது. மாடு பிழைத்தது. தென்னை 62-ல் 9 நிற்கிறது. கிணற்றடி மாமரம் போய்விட்டது."

அப்பாவுக்குக் கோபம். "தென்னைக் கணக்கை எதுக்கு எழுதினே? அது அங்கே அழும்" என்றார். அழுதாள்தான். ஆனால் 'எல்லாரும் நலம், கவலை வேண்டாம்' என்று மட்டும் அனுப்பியிருந்தால் நம்பியிருப்பாளா? டி.வி.யில் பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் காட்டுகிறானே! இழந்ததைக் கணக்காகச் சொன்னதால்தான் இருப்பதையும் நம்பினாள். அரசாங்கம் மரத்துக்கு, வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து, 1,100 ரூபாய் கொடுத்தது. காய்க்கிற தென்னைக்கு இது ஒரு வருஷ வருமானம்கூட ஆகாது. 2019 ஆடியில் ஒட்டு ரகக் கன்று வைத்தோம். நெட்டை ரகம் என்றால் ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும் என்று தம்பிதான் இதை வாங்கி வந்தான். 2024 தை மாதம் முதல் பாளை விட்டது. அந்தப் படமும் கனடா போயிற்று.

இனி எங்கள் வீட்டில் நடந்த பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2022 மார்ச்சில் அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டு நாலு மாதமாக அவளுக்குத் தெரியும். "வலிக்கலையே, அதனால சொல்லலை" என்றாள். வலிக்காததுதான் ஆபத்து என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியே இருக்காதாம். தோல் உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழுந்த பிறகுதான் என்னிடம் காட்டினாள். தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். மாமோகிராம் எடுத்து, ஊசியால் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்று உறுதி செய்தார்கள். ஆபரேஷன், அப்புறம் கீமோ, அதன் பிறகு கதிர்வீச்சு என்று வரிசையாகச் சொன்னார்கள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "சின்னவகிட்ட மூச்சு விடாதே." எதற்கும்மா என்றால், "அது பாட்டுக்கு வேலையை விட்டுட்டு மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கும். பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம். எல்லாம் முடிஞ்சு நல்லானப்புறம் சொல்லிக்கலாம்." தம்பியும் அதே கட்சி. அப்பா வாயே திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படி மறைப்பது பாசம் என்றே பெயர். நானும் அப்படி மறைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் அப்பா படுத்த படுக்கையாகி மூன்று மாதம், துபாயில் இருந்த மகனுக்கு "லேசான ஜுரம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் வந்தது காரியத்துக்கு. பதினாறாம் நாள் சாப்பாட்டில் எழுந்து நின்று, "நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லையா?" என்று கேட்டான். ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அம்மாள் கேட்டார்: "உங்களுக்கு எத்தனை பொண்ணுங்க?" இரண்டு என்றாள் அம்மா. "ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டீங்களா? அவங்களும் பரிசோதனை செஞ்சுக்கணும்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். தாய்க்கோ கூடப் பிறந்தவளுக்கோ இது வந்திருந்தால், மற்றப் பெண்களைவிட நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று விளக்கினார். இரண்டு மடங்கு என்றால் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, பெரும்பாலோருக்கு வருவதில்லை. கட்டி என்று கண்டதெல்லாம் புற்றுநோயும் இல்லை. ஆனால் சீக்கிரமாகவும் தவறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம் என்று தெரிந்திருக்க வேண்டும். எந்த வயதில் வந்தது என்பதும் முக்கியமாம். சின்ன வயதில் வந்திருந்தால், இன்னும் முன்னாலேயே பரிசோதனை தொடங்கச் சொல்வார்களாம். அப்பா வழியில் அத்தைக்கோ பாட்டிக்கோ வந்திருந்தாலும் கணக்குத்தான். இது எனக்குப் புதிது. நான் அம்மா வழி மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, நான் சொல்லத்தான் போறேன். இது உன் சமாசாரம் மட்டும் இல்லே. அவ உடம்பு சமாசாரமும்தான்." அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எப்படிச் சொன்னேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் சொல்லவில்லை. அப்போது பிள்ளைகள் சுற்றி நிற்கும். "நீ எப்போ தனியா இருப்பே? அவசரம் இல்லே, ஆனா இந்த வாரத்துக்குள்ள" என்று எழுதினேன். அவள் கூப்பிட்டதும் சுற்றி வளைக்காமல், "அம்மாவுக்கு மார்பிலே கட்டி, சோதனை பண்ணியாச்சு, புற்றுநோய்தான். இரண்டாவது கட்டம். ஆபரேஷன் இந்தத் தேதி. நான் கூட இருக்கேன். அம்மா சாப்பிடறா, நடக்கறா" என்று சொல்லிவிட்டேன். தெரிந்தது என்ன, அடுத்து நடக்கப்போவது என்ன, யார் கூட இருக்கிறார்கள். இந்த மூன்றும் முதலில். நான் அழுதால் அவள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று, அழுகையை முன்கூட்டியே கொல்லைப்புறத்தில் முடித்துக்கொண்டுதான் போனை எடுத்தேன். ரிப்போர்ட்டுகளை வெளிச்சத்தில் வைத்து, பக்கம் விடாமல் படம் எடுத்து அனுப்பினேன். "நல்லாத்தான் இருக்காங்க" என்று வாயால் சொல்வதைவிட, டாக்டர் எழுதிய காகிதம் நூறு மடங்கு தைரியம் கொடுக்கும்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அம்மாவுக்கு முடி கொட்டிடுமா?"

கொட்டும், முதல் கீமோவுக்கு இரண்டு மூன்று வாரத்தில் என்றேன். நாலு கீமோவுக்கு இருபத்தொரு நாள் இடைவெளியில் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதையும் அனுப்பினேன். அம்மா பயந்த மாதிரி மூட்டையைக் கட்டிக்கொண்டு அவள் ஓடி வரவில்லை. தேதிகளைப் பார்த்து யோசித்தாள். ஆபரேஷனுக்கு நான் இருக்கிறேன். பள்ளிக்கூடம் மூடும் ஜூலையில் மூன்றாவது கீமோ வருகிறது. அப்போதுதான் எல்லாரும் களைத்துப் போயிருப்போம் என்று அந்தச் சமயத்துக்கு டிக்கெட் வாங்கினாள். நான்கு வாரம் இருந்தாள். அம்மாவுக்கு வாய் வெந்து எதுவும் இறங்காத நாட்கள் அவை. அரிசிக் கஞ்சியை ஆறவைத்து மோர் ஊற்றிக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தது அவள்தான். "சொல்லாதே, சொல்லாதேன்னு அடிச்சுக்கிட்டேன்" என்று அக்கம்பக்கத்தில் அம்மா குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு. அதைச் சொல்லும்போது முகத்தில் இருந்த பெருமையை நானும் கவனித்தேன்.

சின்னவள் அங்கே தன் குடும்ப டாக்டரிடம் சொல்லிப் பரிசோதனை செய்துகொண்டாள். எனக்கும் இங்கே செய்தார்கள். இருவருக்கும் ஒன்றும் இல்லை. தவறாமல் பார்த்துக்கொள்கிறோம். அம்மாவும் மறுபரிசோதனைக்குப் போய் வருகிறாள். இதையொட்டி நான் ஒரு நோட்டில் எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று தாத்தா பாட்டிவரை எழுதினேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், சின்ன வயது மாரடைப்பு, கண்ணில் நீர் அழுத்தம் எல்லாம் அதில் உண்டு. பாட்டி எதில் இறந்தார் என்று கேட்டால் "வயித்து வலி" என்கிறார்கள். அவ்வளவுதான் கிடைத்தது. அதையும் எழுதி அவளுக்கு அனுப்பினேன். வெளிநாட்டில் டாக்டரிடம் போனால் முதலில் கேட்பது இதைத்தானாம். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

நிலம் பற்றியும் ஒரு வார்த்தை. பாகப்பிரிவினை, பட்டா மாறுதல் பேச்சு வந்தால் வெளிநாட்டில் இருப்பவளிடம் கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் போய் நிற்காதீர்கள். 1989-லேயே தமிழ்நாட்டிலும், 2005-ல் நாடு முழுவதும் சட்டம் மாறி, இந்துக் குடும்பத்தில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு வந்துவிட்டது. அயல்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதற்குத் தடையில்லை. அவர்கள் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்றுப் பவர் பத்திரம் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். எங்கள் அப்பா பேச்சை ஆரம்பித்த அன்றே சின்னவளையும் போனில் உட்கார வைத்துத்தான் பேசினார். அவள் என்ன முடிவு செய்தாள் என்பது அவர்கள் பாடு.

நாம் மறைப்பது ஒரு பக்கம். போனவர்கள் மறைப்பதை யாராவது எழுதுகிறார்களா? 2023 தொடக்கத்தில் தங்கை வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. சின்னவள் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிரித்துப் பேசினாள். நான் ஏமாந்துதான் போனேன். அம்மா ஏமாறவில்லை. கீமோ முடிந்து வீட்டோடு இருந்ததால் அவளுக்குப் பொழுது போகவில்லை. நடு வாரத்திலும் பேரப் பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்று போன் போடுவாள். ஒருநாள் கேட்டாள்: "ஏண்டி, மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமையும் அடுப்படியில தோசை வார்க்கிறாரு, வியாழக்கிழமையும் வார்க்கிறாரு. அவருக்கு ஆபீஸ் எப்போ?"

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அம்மா அழ விட்டுவிட்டுச் சொன்னாளாம்: "என் மாரை அறுத்ததை உன்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு உங்க அக்கா சண்டை போட்டா. நீ இதை மறைக்கிறியா?"

அதன் பிறகு வேலை கிடைக்கும்வரை, எங்கே மனுப் போட்டார், என்ன பதில் வந்தது என்று வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு மாதம் கழித்து ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தது. அந்த நேரத்தில் மணி அடித்தால் நமக்கு நெஞ்சு நின்றுவிடும், இல்லையா? அம்மா எழுந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எடுத்தாள். வேலை கிடைத்துவிட்டது என்றாள் சின்னவள்.

"சம்பளம் முன்னே மாதிரிதானா?" என்றாள் அம்மா.

"கொஞ்சம் குறைச்சல்தாம்மா."

"சரி. எவ்வளவு குறைச்சல்னு சொல்லு" என்றாள்.